கொத்தல ஹிம்புட்டுக் குவளையும் ஒரு கையெழுத்தும்

எங்கட வீட்டு அலுமாரியில் ஒரு மரக் குவளை இருக்கிறது. வாப்பா பாவித்தது. அவருக்குச் சீனி வருத்தம் வந்த காலத்தில், பொல்பிட்டியவிலிருந்து கித்துல்கல பக்கமாகப் போகும் பாதையில் இருந்த ஒரு வெதமஹத்தயா அதைக் கடைந்து கொடுத்தார். "ராவைக்குத் தண்ணி ஊத்தி வைங்க, விடிய எழும்பி வெறும் வயித்தில குடிங்க" என்பதுதான் அவர் சொன்ன முறை. வாப்பா சுபஹுத் தொழுதுவிட்டு வந்து அந்தத் தண்ணீரைக் குடிப்பார். ஆஸ்பத்திரியில் தந்த குளிசையையும் விடமாட்டார். இதை வாசிக்கிறவர்கள் யாரும் குளிசையை நிறுத்திவிட்டுக் குவளையைத் தேடி ஓடக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

அந்த மரம் கொத்தல ஹிம்புட்டு. உண்மையில் அது ஒரு பெரிய கொடி. நம் ஈர வலயக் காடுகளில் வளர்வது. விஞ்ஞானப் பெயர் சலாசியா ரெட்டிகுலேட்டா. சிங்களத்தில் 'கொத்தலய' என்பது தண்ணீர்ப் பாத்திரம். அதன் தண்டிலும் வேரிலும் குவளை கடைவதால் அந்தப் பெயர் வந்தது. தமிழ் மருத்துவத்தில் இதன் இனத்தைப் பொன்கொரண்டி, கடலழிஞ்சில் என்றெல்லாம் சொல்வார்கள்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்தாளராக வேலை செய்தவன். ஓய்வுபெற்றுப் பொல்பிட்டியவில் இருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் தங்கச்சியின் மகள் ஒரு கட்டுக் கடதாசியோடு வந்தாள். பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு ஆய்வு செய்கிறாள். நம் மலையடிவாரத்துச் செடிகளில் நீரிழிவுக்குப் பயன்படுபவற்றைப் பற்றி. வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று அவளோடு சேர்ந்து வேலை செய்ய முன்வந்திருக்கிறது. அவர்களிடம் நம்மிடம் இல்லாத இயந்திரங்கள் இருக்கின்றன. மாதிரிகளை அனுப்பினால் இரண்டு மாதத்தில் முடிவு தருவார்களாம்.

"மாமா, இதுல கையெழுத்து வெக்கத் தான் சொல்றாங்க. பதினொரு பக்கம் இரிக்கி. வாசிச்சி ஒண்டும் வெளங்கல்ல. கையெழுத்து வெச்சா என்ன ஆகும்?"

அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். நம் பிள்ளைகள் பலர் இப்போது ஆய்வுத் துறைக்குப் போகிறார்கள். இந்தக் கேள்வி அவர்கள் எல்லோருக்கும் ஒருநாள் வரும்.

ஆக்கவுரிமை என்பது என்ன?

புலமைச் சொத்துச் சட்டத்தில் மருந்தோடு அதிகம் தொடர்புடையது ஆக்கவுரிமைப் பத்திரம். இந்தியத் தமிழில் காப்புரிமை என்பார்கள். அது அரசுக்கும் கண்டுபிடித்தவருக்கும் இடையில் ஒரு கொடுக்கல் வாங்கல். கண்டுபிடித்தவர் தன் இரகசியத்தை எழுதி உலகத்துக்குச் சொல்ல வேண்டும். பதிலாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடத்துக்கு வேறு யாரும் அதைச் செய்யவோ விற்கவோ முடியாதபடி தடுக்கும் உரிமையை அரசு கொடுக்கிறது. அந்தக் காலம் முடிந்தால் அது எல்லோருக்கும் பொது.

மூன்று நிபந்தனைகள் உண்டு. கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும். அத்துறை தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றிவிடாததாக இருக்க வேண்டும். தொழிலில் பயன்பட வேண்டும். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: உலகம் முழுவதற்கும் ஒரே ஆக்கவுரிமை என்று எதுவும் இல்லை. அமெரிக்காவில் எடுத்தது அமெரிக்காவில் மட்டும்தான் செல்லும். இலங்கையில் வேண்டுமானால் நமது தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பெற வேண்டும்.

இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு மருந்தைக் கண்டுபிடித்து, மிருகங்களில் பார்த்து, மனிதரில் பரிசோதித்துச் சந்தைக்குக் கொண்டுவர பத்து வருடத்துக்கு மேலும் செல்லும். நடுவில் தோற்றுப்போகிறவைதான் அதிகம். பாதுகாப்பு இல்லாவிட்டால் அந்தச் செலவை யாரும் செய்யமாட்டார்கள். அதே வேளை, அந்த 20 வருடத்தில் விலையை ஒருவர் மட்டும் தீர்மானிப்பதால் மருந்து ஏழைக்கு எட்டாமல் போகிறது. இரண்டும் உண்மை.

கியோட்டோவில் கண்டுபிடித்தது எது?

கொத்தல ஹிம்புட்டு நீரிழிவுக்கு நல்லது என்று நம் நாட்டு வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். ஆனால் அதில் எந்த இரசாயனம், எப்படி வேலை செய்கிறது என்று அறிந்திருக்கவில்லை. 1997 இல் ஜப்பானின் கியோட்டோ மருந்தியல் பல்கலைக்கழகத்தில் யோஷிக்காவா என்ற பேராசிரியரின் குழு அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தது. சலாசினோல் என்று பெயரிட்டார்கள். அடுத்த வருடம் இன்னொன்று; அதன் பெயர் கொத்தலனோல். நாம் உண்ணும் மாப்பொருளைக் குடலில் சீனியாக உடைக்கும் நொதியத்தை இவை தடுக்கின்றன. அதனால் சாப்பாட்டுக்குப் பின் இரத்தத்தில் சீனி சடுதியாக ஏறாது. அக்கார்போஸ் என்ற குளிசையும் இதே வழியில்தான் வேலை செய்கிறது.

நம் நாட்டு மருத்துவர்களும் சும்மா இருக்கவில்லை. கொத்தல ஹிம்புட்டுத் தேயிலையை 51 நீரிழிவு நோயாளரில் முறைப்படி பரிசோதித்து 2005 இல் சர்வதேசச் சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டார்கள். வெறும் தேயிலை குடித்த காலத்தை விட இதைக் குடித்த காலத்தில் சீனிக் கட்டுப்பாடு சற்று நன்றாக இருந்தது.

இதற்கிடையில், சலாசியாச் சாற்றைப் பற்றி ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பல ஆக்கவுரிமைகள் பெறப்பட்டன. இங்கேதான் ஆட்கள் கோபப்படுகிறார்கள். "எங்கட மரத்தை ஜப்பான்காரன் எழுதி எடுத்திட்டான்" என்று தேத்தண்ணிக் கடையில்கூடப் பேச்சு. அது முழுதும் சரியல்ல. மரத்துக்கு யாரும் ஆக்கவுரிமை எடுக்க முடியாது. நாம் குவளையில் தண்ணீர் ஊற்றிக் குடிப்பதை யாரும் தடுக்கவும் முடியாது. சாற்றை எடுக்கும் புதிய முறை, பிரித்தெடுத்த சேர்வை, அதன் புதிய பயன்பாடு, ஆய்வுகூடத்தில் செய்த அதன் மாற்றுருவம் ஆகியவற்றுக்குத்தான் உரிமை கேட்கலாம். அந்த வேலையைச் செய்தவர்கள் உண்மையாகவே வேலை செய்திருக்கிறார்கள்.

ஆனால் கோபத்துக்கும் காரணம் உண்டு. காட்டில் ஆயிரம் கொடிகள் இருக்க, இந்தக் கொடியைத்தான் பார்க்க வேண்டும் என்று விஞ்ஞானிக்கு வழி காட்டியது நம் வெதமஹத்தயாமாரின் அறிவு. தேடலின் முதல் பாதியை அவர்கள் இலவசமாக முடித்துக் கொடுத்துவிட்டார்கள். கொத்தலனோல் என்ற பெயரில் நம் குவளை இருக்கிறது. பெயர் கொடுத்ததால் மட்டும் சட்டத்தில் பங்கு வந்துவிடாது.

எழுதி வைக்காத அறிவு

மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பது நம் உம்மாமாருக்குத் தெரியாததா? 1995 இல் அமெரிக்காவில் அதற்கு ஆக்கவுரிமை கொடுத்தார்கள். இந்தியாவின் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சி மன்றம் அதை எதிர்த்து 32 எழுத்து ஆதாரங்களைக் கொடுத்தது. சமஸ்கிருதம், உருது, ஹிந்தி நூல்கள். சில நூறு வருடத்துக்கு மேல் பழையவை. 1997 இல் உரிமை ரத்தானது. வேம்பின் பூஞ்சண எதிர்ப்புச் சக்திக்கு ஐரோப்பாவில் 1994 இல் கொடுத்த உரிமையும் 2000 இல் ரத்தாகி, மேன்முறையீடும் 2005 இல் தள்ளுபடியானது.

இந்த இரண்டிலும் ஒரு பாடம் இருக்கிறது. அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டத்தில், வெளிநாட்டு மக்கள் ஒன்றைப் பாவித்து வந்தார்கள் என்பது போதாது. அது எங்காவது அச்சிலோ எழுத்திலோ இருக்க வேண்டும். 2013 இல் அந்தச் சட்டம் மாறியது. ஆனாலும் பரிசோதகர் கண்ணுக்கு எட்டாத ஆதாரம் இல்லாத ஆதாரம்தான். அதனால்தான் இந்தியா 2001 இல் பாரம்பரிய அறிவு மின்னூலகத்தைத் தொடங்கியது. ஆயுர்வேதம், சித்தம், யூனானி நூல்களில் உள்ள மருந்துகளை ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் எழுதி ஆக்கவுரிமை அலுவலகங்களுக்குத் திறந்து வைத்தார்கள்.

நம் ஹக்கீம்மார் எழுதி வைத்த கொப்பிகள் எத்தனை வீட்டில் இருக்கின்றன? அரபுத்தமிழில் எழுதிய மருந்துக் குறிப்புகள் பெட்டியடியில் கிடந்து பூச்சி அரிக்கின்றன. வாசிக்கத் தெரிந்தவர்களும் குறைந்து வருகிறார்கள். எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒன்று இருந்தது. வீடு திருத்தும்போது பழைய கடதாசிகளோடு போய்விட்டது. அதில் என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு எச்சரிக்கை: எழுதி வைத்ததை எல்லாம் உடனே அச்சில் போட்டுவிடுவதும் சரியல்ல. வெளியிட்டால் மற்றவர் அதையே உரிமை கேட்பதைத் தடுக்கலாம். அதே நேரம் அதற்கு நாம் உரிமை கேட்கும் வாய்ப்பும் போய்விடும். எதற்காக வெளியிடுகிறோம் என்று முடிவெடுத்துவிட்டு வெளியிட வேண்டும்.

பாமசி மேசைக்கு வரும் சட்டம்

1995 இல் உலக வர்த்தக தாபனத்தோடு ட்ரிப்ஸ் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் எந்தப் பொருளுக்கு ஆக்கவுரிமை கொடுப்பது என்று ஒவ்வொரு நாடும் தானே தீர்மானித்தது. இந்தியா 1970 ஆம் ஆண்டுச் சட்டத்தில், மருந்துக்கு அல்ல, மருந்து செய்யும் முறைக்கு மட்டும்தான் உரிமை என்று வைத்திருந்தது. அந்த இடைவெளியில்தான் அங்கே மலிவு மருந்துத் தொழில் வளர்ந்தது. 1935 இல் கே. ஏ. ஹமீத் தொடங்கிய சிப்லா நிறுவனம் ஒரு உதாரணம். அவர் மகன் யூசுப் ஹமீத் 2001 இல், மேற்கு நாடுகளில் வருடத்துக்கு 10,000 டொலருக்கு மேல் விற்ற எயிட்ஸ் கூட்டு மருந்தை 350 டொலருக்குத் தருவதாக அறிவித்தார். அதே வருடம் நவம்பரில் கத்தாரின் தோஹாவில் கூடிய மாநாடு, பொதுச் சுகாதாரத்தைக் காக்க நாடுகள் எடுக்கும் நடவடிக்கைகளுக்கு ட்ரிப்ஸ் தடையாக இருக்கக் கூடாது என்று பிரகடனம் செய்தது.

நம் நாட்டுக் கதை இன்னும் பழையது. பேராசிரியர் சேனக பிபிலே வணிகப் பெயருக்குப் பதிலாகப் பொதுப் பெயரில் மருந்து வாங்கும் கொள்கையை வகுத்தார். 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. நான் வேலை பழகிய காலத்தில் 'பிபிலே கொள்கை' என்பது பாமசியில் தினமும் கேட்கும் சொல். 2003 இல் புதிய புலமைச் சொத்துச் சட்டமூலம் வந்தபோது அது உயர் நீதிமன்றத்தில் சவாலுக்கு உட்பட்டது. ட்ரிப்ஸ் தரும் கடமைகளை எடுத்துக்கொண்டு, அது தரும் சலுகைகளை விட்டுவிட்டதால் சட்டமூலம் அரசியலமைப்பின் சமத்துவ உறுப்புரைக்கு முரண் என்று நீதிமன்றம் தீர்மானித்தது. கட்டாய உரிமம், மலிவான நாட்டிலிருந்து அதே மருந்தை இறக்குமதி செய்தல் ஆகியவைதான் அந்தச் சலுகைகள். அதன் பின்னரே திருத்தங்களோடு 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. விஞ்ஞான ஆய்வுக்காக மட்டும் செய்யும் காரியங்களை ஆக்கவுரிமை தடுக்காது என்பதும் அச்சட்டத்தில் உண்டு. ஆய்வு மாணவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

ஆனாலும் உரிமம் யார் கையில் என்பது நம் உயிரைத் தொடும். 2021 ஜனவரியில் இந்தியாவின் சீரம் நிறுவனம் செய்த கோவிஷீல்ட் தடுப்பூசி 5 இலட்சம் நமக்கு வந்தது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் கண்டுபிடித்து, அஸ்ட்ராசெனெகா உரிமம் கொடுத்து, புனேயில் செய்த மருந்து. சர்வதேசக் கூட்டுறவுக்கு நல்ல உதாரணம்தான். இந்தியாவில் தொற்று பெருகி ஏற்றுமதி நின்றதும், முதல் ஊசி போட்ட இலட்சக்கணக்கானோர் இரண்டாவதுக்குக் காத்திருந்தோம். நானும் என் மனைவியும் அந்தக் கூட்டத்தில். ஜூலைக் கடைசியில் ஜப்பான் கொடுத்த தடுப்பூசிகள் வந்தன. தடுப்பூசி ஆக்கவுரிமைகளைத் தளர்த்தும்படி இந்தியாவும் தென்னாபிரிக்காவும் 2020 ஒக்டோபரில் கேட்டதற்கு, உலக வர்த்தக தாபனம் ஒரு குறுகிய முடிவை எடுத்தபோது 2022 ஜூன் ஆகிவிட்டது.

கையெழுத்துக்கு முன்

சரியாகச் செய்த கூட்டு ஆய்வும் இருக்கிறது. ஜப்பானின் கிட்டசாட்டோ நிறுவனமும் அமெரிக்காவின் மேர்க் கம்பனியும் 1973 இல் ஒப்பந்தம் செய்தன. ஜப்பானில் பேராசிரியர் சத்தோஷி ஓமுரா மண் மாதிரிகளில் நுண்ணுயிர்களைத் தேடுவார். அமெரிக்காவில் அவற்றைப் பரிசோதிப்பார்கள். மருந்து விற்றால் கிட்டசாட்டோவுக்குப் பங்கு. அதில் பிறந்ததுதான் ஐவர்மெக்டின். 1987 இல் ஆற்றுக் குருட்டு நோய்க்கு அதை இலவசமாகக் கொடுப்பதாக மேர்க் அறிவித்தது. 2015 இல் ஓமுராவுக்கும் மேர்க்கில் வேலை செய்த வில்லியம் கெம்பலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கிட்டசாட்டோ தன் பங்குப் பணத்தில் ஆஸ்பத்திரியே கட்டியது. பங்கு என்ன என்பதை மருந்து கிடைப்பதற்கு முன்பே எழுதி வைத்திருந்தார்கள்.

கேரளத்துக் காணி மக்களின் கதை பாதி வெற்றி. 1987 இல் அகத்தியர் மலைக்குப் போன விஞ்ஞானிகளுக்கு, களைப்பைப் போக்கும் ஆரோக்கியபச்சை என்ற செடியைக் காணி வழிகாட்டிகள் காட்டினார்கள். அச்செடியின் விஞ்ஞானப் பெயரில் 'சைலானிக்கஸ்' என்று நம் நாட்டின் பெயர் இருக்கிறது. இங்கும் அது வளர்கிறது. அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து செய்து, 1995 இல் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு 10 இலட்சம் ரூபாவுக்கும் விற்பனையில் 2 சதவீதத்துக்கும் ஏழு வருட உரிமம் கொடுத்தார்கள். அதில் பாதி காணி மக்களின் அறக்கட்டளைக்கு. ஆனால் அமெரிக்காவில் ஜீவனி என்ற பெயரை வேறொரு நிறுவனம் வணிகக் குறியாகப் பதிந்துவிட்டது. உள்ளூரில் பங்கு பிரித்தவர்கள் வெளிநாட்டு வாசலைப் பூட்ட மறந்துவிட்டார்கள்.

இவற்றை வைத்து மருமகளுக்கு ஐந்து விடயங்களைச் சொன்னேன்.

ஒன்று, மாதிரி யாருடையது? 1992 ஆம் ஆண்டு உயிர்ப் பல்வகைமைச் சமவாயத்தின்படி ஒரு நாட்டின் உயிர் வளங்கள் மீது அந்த நாட்டுக்கே இறைமை. காட்டுச் செடியின் பாகங்களை அனுமதிப் பத்திரம் இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்புவது நம் சட்டத்தில் குற்றம். பொட்டலத்தைத் தபாலில் போடுகிற வேலை அல்ல இது.

இரண்டு, எதற்காக அனுப்புகிறோம்? குறித்த ஆய்வுக்கு மட்டும், மூன்றாம் ஆளுக்குக் கைமாற்றக் கூடாது, மிஞ்சியதைத் திருப்ப வேண்டும் அல்லது அழிக்க வேண்டும் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

மூன்று, ஏற்கெனவே அவரவரிடம் இருந்த அறிவு எது, சேர்ந்து கண்டுபிடிப்பது எது? முதலாவது அவரவருக்கு, இரண்டாவதில் இரு பக்கத்துக்கும் பெயரும் பங்கும். வைத்தியர் சொன்ன தகவல் என்றால் அவருடைய ஊருக்கும் பங்கு.

நான்கு, கட்டுரை எப்போது வெளியிடலாம்? முதலில் வெளியிட்டால் ஐரோப்பாவில் ஆக்கவுரிமை அநேகமாகக் கிடைக்காது. அமெரிக்காவில் ஒரு வருட அவகாசம் உண்டு. அதனால் கம்பனிகள் "பொறுங்கள்" என்பார்கள். பொறுக்கலாம், ஆனால் எத்தனை மாதம் என்று குறிப்பிட வேண்டும். எல்லையில்லாமல் பொறுத்தால் மாணவியின் பட்டம் நின்றுபோகும்.

ஐந்து, மருந்து வந்தால் நம் நாட்டுக்கு என்ன விலை? இதைக் கேட்க வெட்கப்படத் தேவையில்லை.

இப்போது உலகச் சட்டமும் மெல்ல நம் பக்கம் திரும்புகிறது. 2024 மே மாதம் ஜெனீவாவில் உலக புலமைச் சொத்து அமைப்பின் நாடுகள் ஒரு உடன்படிக்கையை ஏற்றன. ஆக்கவுரிமை கேட்பவர் தன் கண்டுபிடிப்புக்கு அடிப்படையான உயிர் வளம் எந்த நாட்டிலிருந்து, பாரம்பரிய அறிவு எந்த மக்களிடமிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். 15 நாடுகள் சேர்ந்ததும் அது நடைமுறைக்கு வரும்.

சிலர் கேட்பார்கள்: அறிவுக்கு விலை வைப்பது மார்க்கத்தில் ஆகுமா? 1988 இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, கண்டுபிடிப்பு உரிமையும் எழுத்துரிமையும் ஷரீஅத்தில் மதிக்கப்பட வேண்டிய உரிமைகள், அவற்றை மீறக் கூடாது என்று தீர்மானித்தது. அந்த நியாயம் ஆய்வுகூடத்துக்கு உண்டென்றால், வழி காட்டிய வைத்தியனுக்கும் உண்டு என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். ஒருவன் ஹக்கைக் கொடுக்கச் சொல்லும் மார்க்கம் மற்றவன் ஹக்கை மறக்கச் சொல்லாது.

மருமகளின் பத்திரத்தில் "பெறுபேறுகள் யாவும் பெறுபவருக்கே சொந்தம்" என்ற ஒரு வரி எட்டாம் பக்கத்தில் இருந்தது. அவள் அதைக் கோடிட்டு, தன் மேற்பார்வையாளரோடு பல்கலைக்கழகச் சட்டப் பிரிவுக்குக் கொண்டுபோனாள். அந்த வரியை மாற்றவும், வெளியீட்டுக்கு ஆறு மாத எல்லை வைக்கவும், செடியைக் காட்டிய வைத்தியரின் குடும்பத்துக்குப் பங்கு எழுதவும் கேட்டார்கள். முதல் இரண்டுக்கும் அந்த ஆய்வுகூடம் சம்மதித்திருக்கிறது. மூன்றாவதற்கு இன்னும் பதில் இல்லை. அவளுடைய புலமைப்பரிசில் காலமோ ஓடிக்கொண்டிருக்கிறது.

"இப்பவே கையெழுத்து வெச்சிருந்தா வேல முடிஞ்சிருக்கும் மாமா" என்று போன கிழமை தொலைபேசியில் சொன்னாள். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பறவாயில்ல, அந்த வெதமஹத்தயாட வீட்டுக்கு ஒருக்கா போவமா?" என்று கேட்டாள். வருகிற ஞாயிறு போவதாக இருக்கிறோம். வாப்பாவின் குவளையையும் எடுத்துப் போகிறேன். கடைந்தவரின் மகனுக்கு அது யாருடைய கைவேலை என்று தெரிந்திருக்கும்.